வினாநிரல் ஒன்று மொழி மாறிய வரலாறு

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதியின் அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள எண்ணுகிறாரா என்பதை அறிய மருத்துவரிடம் உள்ள கருவி வினா ஒன்றே. அவ்வினா சொற்களால் ஆனது. சொல்லோ மொழிக்கு மொழி வேறுபடுவது. ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட இத்தகைய வினாக்கள் ஸ்பானிய மொழிக்குச் சென்ற வரலாறு, மொழிபெயர்ப்பு என்னும் தொழிலின் அருமையை நன்கு விளக்குவதாகும். ஏனைய துறைகளில் மொழிபெயர்ப்புத் தவறினால் பொருள் கெடும். இத்துறையில் தவறினால் காப்பாற்றத்தக்க ஓர் உயிர் கவனிப்பாரின்றிப் போகக்கூடும்.

சொல்லின் பிறப்பு

தன்னைத் தானே கொல்லுதல் பழமையான செயலாயினும், அதனைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் பழமையானதன்று. தாமஸ் பிரௌன் என்னும் ஆங்கில மருத்துவர் 1643-இல் வெளியிட்ட நூலில் அச்சொல் காணப்படுகிறது. 'தன்னுடைய' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லும் 'கொலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லும் கூடிப் பிறந்தது அது. தமிழில் 'தன்' என்பதும் 'கொலை' என்பதும் புணர்ந்து 'தற்கொலை' ஆனதைப் போன்றதே இதுவும். ஸ்பானிய மொழியில் 'சுயிசிதியோ' என்னும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது.

பெயர்ச்சொல் புகுந்ததும் வினைச்சொல் வேண்டியதாயிற்று. ஸ்பானிய மொழியினர் 'சுயிசிதார்சே' என்று ஒரு வினையை ஆக்கிக்கொண்டனர். இச்சொல்லின் முதலில் நிற்கும் இலத்தீன் பகுதியும் 'தன்' என்பதையே உணர்த்துகிறது. ஈற்றில் நிற்கும் 'சே' என்னும் விகுதியும் 'தன்னை' என்பதையே உணர்த்துகிறது. 'தன்னைத் தற்கொலை செய்துகொண்டான்' என்பது போன்ற இரட்டிப்பு இது. ஆயினும் வழக்கில் அதுவே நிலைத்துவிட்டது. இச்சிறு செய்தி பின்னர் வினாக்களை மொழிபெயர்த்தோருக்குப் பெருந்துணையாயிற்று. ஐயத்துக்கு இடமின்றி இச்செயலைக் குறிக்கும் வினை அது ஒன்றே என்பது மேலே விளங்கும்.

அந்நாளில் இச்சொல்லை வாய்விட்டுக் கூறுவதே அரிதாயிருந்தது. 1837-இல் மாட்ரிட் நகரில் மரியானோ ஹோசே தெ லார்ரா என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் தம் 27ஆம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை அடக்கம் செய்த இடத்தில் சொர்ரீயா என்னும் இளங்கவிஞர் பாடிய இரங்கற்பாவே அக்கவிஞருக்குப் புகழைத் தேடித் தந்தது. இலக்கிய உலகம் இவ்வாறு இரங்கிற்று என்றாலும் பொதுமக்களிடையே இத்தகைய சாவு குடும்பத்துக்கு நேர்ந்த களங்கமாகவே கருதப்பட்டது. 1917-இல் தொகுக்கப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம் உயிரைப் போக்கிக்கொண்டோருக்குத் திருச்சபை முறைப்படி அடக்கம் இல்லை என்றது. 1983-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அவ்விதி இடம்பெறவில்லை. பழைய விதியின் நிழலில் வளர்ந்த முதியவர் ஒருவரிடம் ஸ்பானிய மருத்துவர் இவ்வினாவைக் கேட்கும்போது, நோயைப் பற்றி மட்டும் கேட்பதாக அவர் கொள்வதில்லை. பாவத்தைப் பற்றியும் குடிப்பெயரைப் பற்றியும் கேட்பதாகவே கொள்வார்.

எண்ணிக்கையிலிருந்து வினாவுக்கு

19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் இறந்தோரை எண்ணினர். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1897-இல் வெளியிட்ட நூல் அவ்வெண்ணிக்கையிலிருந்து சமூகத்தின் நிலையை ஆராய்ந்தது. அந்நூல் 1928-இல் மாட்ரிட் நகரில் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. ஆனால் இறந்தோரின் தொகை, உயிரோடிருந்து வருந்துவோரைக் காக்க வழி சொல்லாது.

அவ்வழியை நாடியோர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றினர். 1948-இல் வியன்னாவில் எர்வின் ரிங்கெல் என்னும் மருத்துவர் இதற்கெனத் தனி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1953-இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் தொலைபேசி வழியே வருந்துவோரின் குரலைக் கேட்கும் பணியைத் தொடங்கினார். அப்பணியின் வழியில் வந்தவையே 1969-இல் சிங்கப்பூரிலும் 1970-இல் கோலாலம்பூரிலும் தோன்றிய தொண்டு அமைப்புகள். 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஷ்னெய்ட்மன், ஃபார்பெரோ, லிட்மன் ஆகிய மூவரும் தடுப்பு நிலையம் ஒன்றை அமைத்தனர். வருந்துவோரோடு பேசத் தொடங்கியதும், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்னும் சிக்கல் எழுந்தது.

ஆரன் பெக் என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவர் 1974-இல் உயிர் மாய்க்க முயன்றோரின் உட்கருத்தை அளக்கும் அளவுகோல் ஒன்றையும், 1979-இல் அவ்வெண்ணத்தின் வலிமையை அளக்கும் மற்றொன்றையும் வெளியிட்டார். இவற்றைத் தொடர்ந்து பல அளவுகோல்கள் பெருகின. பெருகவே குழப்பமும் பெருகிற்று. ஒரே செயலை ஒருவர் 'முயற்சி' என்றார். மற்றொருவர் 'சைகை' என்றார். வேறொருவர் 'அச்சுறுத்தல்' என்றார். 1996-இல் அமெரிக்க அறிஞர் சிலர் இக்குழப்பத்தைப் பாபேல் கோபுரத்தோடு ஒப்பிட்டு, பொதுவான சொற்பட்டியல் ஒன்றை முன்வைத்தனர். ஆங்கிலத்துக்குள்ளேயே ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்காத நிலையில், அச்சொற்களை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்வது எளிதாகுமா?

ஸ்பானிய மொழியில் முதல் முயற்சிகள்

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் பெருந்திரளான மக்களிடையே மனநோய்களைக் கணக்கெடுக்க நீண்ட வினாநிரல் ஒன்றை ஆக்கியது. சாவைப் பற்றிய எண்ணம், சாக வேண்டும் என்ற விருப்பம், தற்கொலை எண்ணம், முயற்சி ஆகியவற்றைப் படிப்படியாகக் கேட்கும் வினாக்களும் அதில் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழும் மெக்சிக்க வழியினருக்காக அதன் ஸ்பானிய வடிவம் 1983-இல் வெளியிடப்பட்டது. புவேர்த்தோ ரீக்கோத் தீவின் அறிஞர்கள் அதே வினாநிரலைத் தம் தீவு மக்களின் பேச்சுக்கு ஏற்பத் தனியே மொழிபெயர்த்துத் தழுவினர். மொழி ஒன்றே, ஆயினும் ஊருக்கு ஊர் அதன் வழக்கு வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இத்தகைய பணிகளால் ஒரு தெளிவு பிறந்தது. 1988-இல் ஃப்ளாஹெர்ட்டியும் அவர்தம் குழுவினரும் மொழிபெயர்த்த வினாநிரல் மூலத்தோடு ஐந்து வகையில் ஒத்திருத்தல் வேண்டும் என்றனர். வினாவின் பொருள் அந்நாட்டு வாழ்வில் உள்ளதாக இருத்தல் ஒன்று. சொற்பொருள் ஒத்தல் இரண்டு. கேட்கும் முறை ஒத்தல் மூன்று. விடையிலிருந்து பெறும் முடிவு ஒத்தல் நான்கு. அடிப்படைக் கருத்து ஒத்தல் ஐந்து. பள்ளியில் மொழிபெயர்ப்புப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டாவதாகிய சொற்பொருளோடு நின்றுவிடுவது வழக்கம். ஏனைய நான்கும் அதற்குக் குறைந்தவை அல்ல.

திருப்பி மொழிபெயர்த்தலும் அதன் எல்லையும்

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ஒரு முறையை ரிச்சர்டு பிரிஸ்லின் 1970-இல் விளக்கினார். ஆங்கில மூலத்தை ஒருவர் ஸ்பானிய மொழியில் பெயர்ப்பார். மூலத்தைப் பாராத மற்றொருவர் அந்த ஸ்பானிய வடிவை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்ப்பார். இரண்டு ஆங்கில வடிவங்களையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவிற்று என்பது தெரியும். இம்முறை இன்றும் எங்கும் கையாளப்படுகிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அதற்குச் சான்றாக இரண்டு ஸ்பானிய வினைகளைக் கூறலாம்.

'மத்தார்' என்றால் கொல்லுதல். அதனோடு 'சே' சேர்ந்தால் 'மத்தார்சே', அதாவது தன்னைக் கொல்லுதல் என்றாகும். ஆனால் ஸ்பானியப் பேச்சில், சாலை விபத்தில் ஒருவர் இறந்தாலும் இதே வினையால்தான் கூறுவர். ஆகவே, 'உம் குடும்பத்தில் எவரேனும் தம்மைக் கொன்றுகொண்டதுண்டா?' என்னும் வினாவை இவ்வினையால் பெயர்த்தால், மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்து மாண்ட சிற்றப்பனைப் பற்றியும் 'ஆம்' என்று விடை வரக்கூடும். இந்த ஸ்பானிய வினாவை ஆங்கிலத்தில் திருப்பிப் பெயர்ப்பவரோ மூலத்தில் இருந்த அதே சொற்களையே எழுதிவிடலாம். ஒப்பிடுவோருக்குக் குறை ஒன்றும் தென்படாது.

இரண்டாவது, 'அசேர்சே தாஞ்ஞோ' என்னும் தொடர். தனக்குத் துன்பம் செய்துகொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் படிக்கட்டில் தடுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்ட சிறுவனும் அத்தொடராலேயே தன் நிலையைச் சொல்வான். 'எப்போதேனும் உமக்குத் துன்பம் செய்துகொண்டீரா?' என்று மட்டும் கேட்டால், அடிபடாதவர் உலகில் எவர்? 'வேண்டுமென்றே' என்னும் பொருள் தரும் சொல்லைச் சேர்த்தால்தான் வினா தன் குறியை அடையும்.

இவற்றுக்கு மறுதலையாகச் 'சுயிசிதார்சே' என்னும் வினையும், 'உயிரைப் போக்கிக்கொள்ளுதல்' என்று பொருள்படும் 'கித்தார்சே லா வீதா' என்னும் தொடரும் ஐயத்துக்கு இடம் தருவதில்லை. கடுஞ்சொல்லாகத் தோன்றுவதே இங்குத் தெளிந்த சொல்லாகிறது. நாகரிகம் கருதி மழுப்பிய சொல்லோ தவறான விடையைத் தருகிறது.

மிகைக்கூற்றும் தொல்லை தருவதே. நாணம் மேலிட்ட ஸ்பானியப் பெண்ணொருத்தி 'எனக்குச் சாகவேண்டும் போலிருக்கிறது' என்று சிரித்துக்கொண்டே கூறுவாள். சாக விரும்பியதுண்டா என்று அவளைக் கேட்டால் அவ்வழக்கையே நினைந்து 'எத்தனையோ முறை' என்பாள். எனவே விருப்பம் உண்மையானதா, எத்துணை நேரம் நிலைத்தது, அதற்கென ஏதேனும் ஆயத்தம் செய்ததுண்டா என்று தொடர்ந்து வினவுதல் இன்றியமையாததாகிறது.

மாட்ரிட் குழுவினரின் பணி

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ நாக் என்பவரும் அவர்தம் துணைவர் மூவரும் 2007-இல் ஒரு நேர்காணல் வினாநிரலை வெளியிட்டனர். அது 169 வினாக்களைக் கொண்டது. ஐந்து பகுதிகளாக அமைந்தது. எண்ணம், திட்டம், பிறர் நம்புமாறு செய்யும் சைகை, முயற்சி, சாகும் கருத்தின்றித் தன்னை வருத்திக்கொள்ளல் என்பன அவை. ஒவ்வொன்றும் எந்த வயதில் தொடங்கிற்று, எத்தனை முறை நிகழ்ந்தது, எதன் பொருட்டு நிகழ்ந்தது, இனியும் நிகழுமென்று அவரே கருதுகிறாரா என்று அது வினவும். 12 வயது முதல் 19 வயது வரையுள்ள 94 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து மீண்டும் கேட்டபோதும் விடைகள் பெரும்பாலும் ஒத்திருந்தன.

இவ்வினாநிரலின் சிறப்பு, சாக விரும்பியவரையும் சாக விரும்பாது தம் உடலை வருத்திக்கொண்டவரையும் பிரித்தறிவதாகும். வெளிப்பார்வைக்கு இருவர் செயலும் ஒன்றாகத் தோன்றலாம்; உட்கருத்து வேறு; வேண்டிய உதவியும் வேறு. இவ்வேறுபாட்டைக் காட்ட, ஸ்பானிய மருத்துவ வழக்கு 'ஔத்தோலெசியோன்' என்னும் சொல்லோடு 'சாகும் கருத்தற்ற' என்னும் அடைமொழியைச் சேர்த்து வழங்குகிறது.

மாட்ரிட் நகரின் மருத்துவக் குழுவொன்று இதனை ஸ்பானிய மொழியில் பெயர்த்தது. ரெபேக்கா கார்சியா-நியெத்தோ, ஹிலாரியோ பிளாஸ்கோ-ஃபொந்தெசீயா, என்ரீக்கே பாக்கா-கார்சியா முதலியோர் அக்குழுவினர். அவர்கள் பெயர்த்ததோடு அமையாமல், தற்கொலை நடத்தையுள்ள ஸ்பானிய நோயாளரிடையே அதனைச் சோதித்து, 2013-இல் தம் முடிவை ஸ்பானிய மனநல இதழில் வெளியிட்டனர். மொழிபெயர்ப்பு நூலாசிரியர் தம் பணியைத் தாமே மதிப்பிடுவர். இங்கோ நோயாளரின் விடைகளே மதிப்பிடுகின்றன.

'சைகை' என்னும் பகுதி தனித்து நோக்கத்தக்கது. அதற்கு நேரான 'ஹெஸ்தோ' என்னும் ஸ்பானியச் சொல் முகக்குறிப்பையும் உணர்த்தும். அன்றியும், 'பிறர் கவனத்தை ஈர்க்கவே செய்கிறான்' என்று இகழும் வழக்கு ஸ்பானிய மொழியிலும் உண்டு. இகழ்ச்சி தோய்ந்த சொல்லால் கேட்டால் எவரும் உள்ளதைச் சொல்லார். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2011-இல் வெளியிட்ட வரையறை நூலும் 'சைகை' என்னும் சொல்லைத் தவிர்க்குமாறு அறிவுறுத்திற்று.

இதற்கு முன்பே, 15 வினாக்களைக் கொண்ட புளூட்சிக்கின் அளவுகோல் 1998-இல் ஸ்பெயினில் தழுவப்பட்டிருந்தது. பின்னர், கெல்லி போஸ்னர் முதலியோர் 2011-இல் விளக்கிய கொலம்பியா அளவுகோலின் ஸ்பானிய வடிவத்தை, ஒவியெதோ நகரைச் சார்ந்த அல்-ஹலாபி, போபெஸ் முதலியோர் அடங்கிய குழு சோதித்து 2016-இல் வெளியிட்டது.

நீயும் நீரும்

வினாவில் உள்ள பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் பொருந்தினாலும் போதாது. விளிக்கும் முறையும் பொருந்த வேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ஸ்பானிய மொழியிலோ நெருங்கியவரிடத்து 'தூ' என்றும், மதிப்புக்குரியவரிடத்து 'உஸ்தேத்' என்றும் வழங்குவர். அர்ஜென்டீனாவில் 'தூ' என்பதன் இடத்தில் 'வோஸ்' என்பர். பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் 'உஸ்தேத்' என்றால் வழக்குமன்ற விசாரணை போலாகும். எழுபது வயது முதியவரிடம் 'தூ' என்றால் அவமதிப்பாகலாம். தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாலும் குறுக்கிடும். 'இறந்தவராக இருக்க விரும்பினீரா?' என்று கேட்கையில் ஆணுக்கு 'முயெர்த்தோ', பெண்ணுக்கு 'முயெர்த்தா' என்று சொல் மாறும். அச்சிட்ட தாளில் உள்ளதை அப்படியே படிக்கும் நேர்காண்பவர், பெண்ணிடம் ஆண்பாற் சொல்லைக் கூறினால், தாம் ஓர் உயிரோடு பேசவில்லை, தாளோடு பேசுகிறோம் என்பதைத் தாமே காட்டிவிடுவார்.

கேட்பதால் கேடு விளையுமா?

இவ்வளவு முயற்சியும் வேண்டுமா, கேட்பதே அவ்வெண்ணத்தை விதைத்துவிடாதா என்று பெற்றோரும் ஆசிரியரும் அஞ்சுவது இயல்பு. இவ்வச்சத்தை மெடலின் கோல்டு முதலியோர் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவரிடையே சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினரிடம் தற்கொலை பற்றிய வினாக்கள் கேட்கப்பட்டன. மறு பிரிவினரிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவரிடம் மனத்துயரோ அவ்வெண்ணமோ மிகவில்லை. துயரில் இருந்த மாணவருக்கும் கேள்வியால் தீங்கு நேரவில்லை.

ஆயினும் வினாநிரலின் ஆற்றலை மிகைப்படுத்துதலும் தவறு. 50 ஆண்டுக் காலத்து 365 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கிய ஃபிராங்க்ளின் முதலியோர், எவர் பின்னாளில் முயல்வார் என்று முன்கூட்டி உரைக்கும் ஆற்றல் தற்செயலான ஊகத்தைவிடச் சிறிதே மேம்பட்டது என்று 2017-இல் கூறினர். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022-இல், இத்தகைய அளவுகோல்களைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கவோ, யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று முடிவு செய்யவோ கூடாது என்றது. அங்ஙனமாயின் வினாநிரலால் பயன் என்னை? அது சோதிடம் அன்று. பேச்சைத் தொடங்கும் வாயில். தெளிவான வினா, சொல்லத் தயங்கியவருக்குச் சொல்ல இடம் அளிக்கிறது. ஊரெங்கும் ஒரே வகையில் எண்ணவும் அது துணையாகிறது. ஸ்பெயினில் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 4,003 பேர் இவ்வாறு உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு அரசு 024 என்னும் எண்ணில் இரவும் பகலும் இயங்கும் தொலைபேசிப் பணியைத் தொடங்கிற்று. அங்கும் முதற்கருவி, தாய்மொழியில் கேட்கப்படும் வினாவேயாகும்.

தமிழ் வழங்கும் நிலத்தில்

உலகச் சுகாதார நிறுவனம் உயிர் மாய்க்க முயன்று பிழைத்தோரிடையே ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அவ்வைந்து இடங்களுள் சென்னையும் கொழும்பும் அடங்கும். 1,867 பேர் அதில் பங்கு பெற்றனர். மருத்துவமனையை விட்டுச் சென்றபின் குறித்த காலங்களில் தொடர்புகொண்டு நலம் வினவப்பட்டோரில், 18 மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 0.2 வீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 வீதம். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்னும் வினா முறையாகவும் விடாமலும் கேட்கப்பட்டால் எத்துணை வலிமையுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விடை உண்மையாக வருவதற்குச் சட்டமும் இடம் தர வேண்டும். முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2023-இலும் நீக்கப்பட்டது. தண்டனை அச்சம் அகன்றது. சொல்லின் தடை அகல்வது அடுத்த படி.

அப்பணிக்குத் தமிழும் ஆயத்தமாதல் வேண்டும். தமிழ்ப் பேச்சிலும் 'செத்துப் போகலாம் போலிருக்கிறது' என்பது சலிப்பைக் காட்டும் மிகைக்கூற்றாகவும் வரும், மெய்யான துயரின் முதற்குரலாகவும் வரும். 'தன்னை மாய்த்துக்கொள்ளல்' என்பது எழுத்து வழக்கு. ஆலையிலும் தோட்டத்திலும் பணிபுரியும் ஒருவர் அதனைத் தம் வாயால் கூறமாட்டார். எச்சொல் எவ்வூரில் எவ்வயதினரிடம் என்ன பொருள் தரும் என்பதை அறிந்தவர் அகராதி வல்லார் மட்டும் அல்லர்; நாள்தோறும் மாணவர் பேச்சைச் செவிமடுக்கும் ஆசிரியரும் ஆவர். மருத்துவரும் ஆசிரியரும் கூடி அமர்ந்து இவ்வினாக்களைத் தமிழில் ஆராய்ந்தால், 'உனக்கு என்ன வருத்தம்?' என்று தொடங்கி, கேட்க வேண்டியதை மழுப்பாமல் கேட்டு முடிக்கும் நல்ல வினாநிரல் உருவாகும். கேட்பவர் அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: விடை வரும்வரை பொறுத்திருந்து, அதை முழுவதும் கேட்டு, வருந்துவோரைத் தனியே விடாமல் உதவி கிட்டும் இடத்துக்கு உடன் அழைத்துச் செல்லுதல்.